கருணாம்பிகை டீச்சர் கிணற்றில் இறங்கிய கோடை

குருவுக்கு வயது இருபத்து நான்கு. சிஷ்யைக்கு அறுபது. மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கதை இப்படித்தான் நடந்தது.

குருவின் பெயர் மௌனிகா. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். அவள் கிணற்றுக்குள் நின்று பேசினால், மேலே தோப்பில் தேங்காய் பறிப்பவர் திரும்பிப் பார்ப்பார். உடற்கல்வி படித்தவள். பல்கலைக்கழக அணியில் நீந்தியவள். ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் நீச்சல் பயிற்சியாளராகச் சேர வேண்டும். அதுவரை அவிநாசிக்குப் பக்கத்தில், அப்பாவின் தோட்டத்தில் இருந்தாள்.

சிஷ்யை கருணாம்பிகை டீச்சர். உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மௌனிகாவுக்கும் அவர்தான் கணக்கு எடுத்தார். அவளுக்கு வந்ததா என்பது வேறு விஷயம்.

அந்த மே மாதம் முடிந்தால் டீச்சருக்குப் பணி ஓய்வு. "இனி வருசமெல்லாம் லீவுதானுங்க டீச்சர்" என்று பார்த்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். சும்மா இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் அந்தக் கோடையில் வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி என்று தீர்மானித்தார்.

முதலில் சைக்கிள். நேராகச் சோளக்காட்டுக்குள் போய்விட்டார். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோளத்துக்குத்தான். அடுத்தது ஓட்டம். தெருநாய்கள் துணைக்கு ஓடி வந்தன. நாய்கள் களைத்து நின்ற இடத்தில் டீச்சரும் நின்றுகொண்டார். பிறகு யோகாசனம். சவாசனத்தில் குறட்டை கேட்டது என்று வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். டீச்சர் இன்றுவரை மறுக்கிறார்.

மூன்றையும் கைவிட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நூற்றுக்கு நூறு வரவில்லை. எண்பது வாங்கிய பிள்ளையைப் பார்த்து, "மீதி இருபது எங்க?" என்று கேட்டே காலத்தை ஓட்டியவர் அவர். இப்போது அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மௌனிகா ஊருக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. "மே மாசம் முழுக்க எங்க கெணத்துல நீச்சல் சொல்லித் தர்றேன். காசு கீசு ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணை அனுப்புங்க."

ஊரில் பையன்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். யாரும் கற்றுத் தரவில்லை, எவனோ ஒருவன் தள்ளிவிட்டிருப்பான். மௌனிகாவைத் தவிரப் பெண் பிள்ளைகள் ஒருத்திக்கும் தெரியாது. போன வருடம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குட்டையில் கால் வழுக்கி விழுந்து, ஆடு மேய்த்தவர் தொரட்டிக் கம்பை நீட்டி இழுத்துப் போட்டுப் பிழைத்தாள். அதற்குப் பிறகு ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? பெண்களைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது என்று முடிவு செய்தது.

"கறுத்துப் போயிருவா" என்றாள் ஒருத்தி.

"முடி கொட்டிப் போகும்" என்றாள் இன்னொருத்தி.

"பொட்டப்புள்ள கெணத்துல குதிச்சான்னா ஊருல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா அம்மிணி?" என்றாள் மூன்றாமவள்.

கோமதி மட்டும் நல்ல மாதிரியாகச் சொன்னாள். அவள் திருப்பூரில் நைட்டி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். மகள் வர்ஷினி ஏழாம் வகுப்பு.

"நம்ம கருணாம்பிகை டீச்சர் எறங்குனா நானும் என்ற புள்ளைய அனுப்பறேன்."

அது ஒருநாளும் நடக்காது என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு. மற்ற அம்மாக்களும் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் இறங்கினால் நாங்களும் அனுப்புகிறோம் என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

பேச்சு டீச்சர் காதுக்குப் போயிற்று.

குட்டையில் விழுந்த சிறுமி அவருடைய வகுப்புப் பிள்ளை. மறுவாரம் அவள் பள்ளிக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தபோது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சர் கூட்டலைத் தப்பாகப் போட்டார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாக்களின் பேச்சைக் கேட்ட மறுநாள் காலை தோட்டத்துக்கு வந்து நின்றார்.

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார்.

"தெரியுமுங்க டீச்சர்."

"எறங்கறேன்."

மௌனிகா அவர் கையைப் பிடித்துப் படிகளில் கூட்டிப்போனாள்.

*

அது சதுரக் கிணறு. ஒரு பக்கம் கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கும். எதிர்ப்பக்கச் சுவரில் மோட்டார்க் குழாய். முந்தின ஐப்பசியில் நல்ல மழை என்பதால் பாதிக் கிணற்றுக்கு மேல் தண்ணீர் நின்றது. படியிலிருந்து குழாயைப் போய்த் தொட்டுவிட்டால் நீச்சல் தெரியும் என்று அர்த்தம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறையாக இதுதான் பரீட்சை.

டீச்சர் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார்.

"மெதக்கறதுக்கு என்ன பண்ணோணும் அம்மிணி?"

மௌனிகா தண்ணீரில் மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள். அப்படியே கிடந்தாள்.

டீச்சர் காத்திருந்தார். தட்டான் ஒன்று வந்து குருவின் கால் கட்டைவிரலில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

"அம்மிணி."

"ம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலயே?"

"சொல்லிட்டேதானுங்க இருக்கறேன்."

மறுநாள் டீச்சர் இடுப்பளவு இறங்கினார். குழாயைப் பார்த்தார். நடுவில் இருந்த பச்சைத் தண்ணீரையும் பார்த்தார்.

"இந்த உடம்பைத் தண்ணி தாங்குமா?"

மௌனிகா மேலே ஏறிப்போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்தாள். மட்டையோடு தண்ணீரில் எறிந்தாள். அது முங்கி, எழுந்து, சாவகாசமாக மிதந்தது.

"நான் என்ன தேங்காயா?"

"தேங்கா கேள்வி கேக்காதுங்க டீச்சர்."

டீச்சருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பள்ளியில் இதே பெண்ணை எத்தனையோ முறை பெஞ்சு மேல் நிற்க வைத்தவர் அவர். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு தண்ணீருக்குள் முகத்தை வைத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண்ணெல்லாம் சிவந்து நிமிர்ந்தார்.

"மறுபடியும்" என்றார் அவரே.

லாரி ட்யூபைப் பிடித்துக்கொண்டு காலடித்தார். பிறகு ட்யூபை ஒரு கையால் மட்டும் பிடித்தார். மகன் விட்டுப்போன பழைய ட்ராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும்தான் உடை. அந்த நேரத்தில் தோட்டத்தில் ஆண்கள் யாரும் நடமாடக்கூடாது என்று மௌனிகா சத்தம் போட்டு வைத்திருந்தாள். அவள் அப்பாவே அந்தப் பக்கம் வரப் பயந்தார்.

ஒவ்வொரு நாளும் கரையேறியதும் டீச்சர் ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னைக்கு எத்தனை மார்க்?"

ஒவ்வொரு நாளும் குரு ஒரே பதிலைச் சொன்னாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தாள்.

ஒருநாள் காலையில் ட்யூப் இல்லாமலே டீச்சர் கிணற்றைக் கடந்தார். அழகாகக் கடந்தார் என்று சொன்னால் பொய். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கால் கீழே போயிற்று. கைகள் மாவு பிசைவது போல ஏதோ செய்தன. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டார். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"தொட்டுட்டேன்!"

கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. மௌனிகா விசிலடித்தாள்.

"நாளைக்கே அம்மாக்களையெல்லாம் கூப்பிட்டர்லாமுங்களா டீச்சர்?"

குழாயில் தொங்கிக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"நாளைக்கா? வேண்டாம் வேண்டாம். காலு கீழ போகுது. மூச்சு வாங்குது. இதையா காட்டறது?"

"போதுமுங்களே."

"பொறு. சுத்தமா வரட்டும்."

ஒரு வாரம் போயிற்று. கால் கொஞ்சம் மேலே வந்தது. தலை சாய்வது நிற்கவில்லை. குரு மறுபடி கேட்டாள்.

"கூப்பிடலாமுங்களா?"

"தல நேரா நிக்கட்டும் அம்மிணி. முப்பது நாப்பது பொம்பளைங்க முன்னால, இத்தன வருசம் சம்பாரிச்ச மரியாதை எல்லாம் கெணத்தோட போயிரும். அதும் போக, நான் தத்தளிக்கறதப் பாத்தா எவ தன்ற புள்ளைய அனுப்புவா? இன்னும் பயந்துக்குவாங்க. நல்லா வந்த பொறகு காட்டுனாத்தான் நம்பிக்கை வரும்."

நியாயமான பேச்சுதான். கணக்கு டீச்சர் பேச்சு. மே மாதம் பாதியைத் தாண்டியிருந்தது. ஜூன் பிறந்தால் மௌனிகா கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள். தலை நேராகும் வரை காத்திருந்தால், ஒரு பெண் பிள்ளைகூடப் படியில் கால் வைக்காமலே அந்தக் கோடை முடிந்துவிடும்.

குரு அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தன் பெயருக்குத் தகுந்தபடி இருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் தண்ணீரில் இறங்கப் போகும்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கலகலவென்று.

அண்ணாந்து பார்த்தார். கிணற்று மேட்டைச் சுற்றிக் குடைகள். குடைகளுக்குக் கீழே அம்மாக்கள். அம்மாக்களின் முந்தானைக்குப் பின்னால் பெண் பிள்ளைகள். முன் வரிசையில் கோமதி. பக்கத்தில் வர்ஷினி.

"அம்மிணி, இது யார் பண்ணுன வேலை?"

"நான்தானுங்க டீச்சர்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

டீச்சர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ட்ராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டுமாக ஊர் முன்னால் நிற்பதா? விறுவிறுவென்று படியேறி மோட்டார் ரூமுக்குள் ஓடினார். திரும்பி வரும்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நைட்டி போட்டிருந்தார். குளித்த பிறகு மாற்றிக்கொள்ள வைத்திருந்த, ரோஜாப்பூப் போட்ட புது நைட்டி. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

மௌனிகா நைட்டியைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஒரு ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடுவில் போய் நின்றாள்.

டீச்சர் துண்டைக் கழற்றிப் படியில் வைத்தார். காலை வணக்கக் கூட்டத்தில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார். மூக்கைப் பிடித்தார். குதித்தார்.

நைட்டியோடு தண்ணீரில் குதித்தவர்களுக்குத் தெரியும். ஆள் கீழே போகும், துணி மேலேயே நிற்கும். ரோஜாப்பூ நைட்டி அப்படியே காற்றைப் பிடித்துக்கொண்டு, எண்ணெயில் போட்ட பூரி போல உப்பியது. அதன் நடுவில், கழுத்து மட்டும் வெளியே தெரிய, கருணாம்பிகை டீச்சர் மிதந்தார்.

கையைப் போட்டார். முன்னால் போகவில்லை. காலை அடித்தார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். கிணற்று மேட்டில் இருந்த எல்லோருக்கும் வரிசையாக அவர் முகம் தெரிந்தது.

"டீச்சர் நீஞ்சறாங்க!" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

"இல்லடி, சுத்தறாங்க" என்றாள் வர்ஷினி.

கோமதி தொழில் தெரிந்தவள். "நம்ம கம்பெனித் துணி. காத்து லேசுல போகாது" என்றாள்.

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்தது. உடனே எல்லோரும் பயந்து அமைதியானார்கள். டீச்சரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த ஊரில் கிடையாது. அங்கே நின்ற அம்மாக்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

டீச்சர் இரண்டாவது சுற்றில் இருந்தார். அத்தனை முகங்களையும் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற கோமதியைப் பார்த்தார். மரியாதை போகும் போகும் என்று பயந்தாரே, அது இதோ போய்க்கொண்டிருந்தது. போவதைப் பார்த்தால் அவருக்கே சிரிப்பாக வந்தது.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கை துணியை அமுக்கிவிட, உள்ளே இருந்த காற்று முழுவதும் கழுத்து வழியாகப் பெரிய சத்தத்தோடு வெளியே வந்தது.

அதற்கு மேல் யாராலும் முடியவில்லை. குடைகள் சாய்ந்தன. ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். கிணறு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் டீச்சர் முங்கிப் போனார்.

மௌனிகா கையெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். தொடவில்லை.

டீச்சர் மேலே வந்தார். ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பினார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கால் கீழே போயிற்று. ஈர நைட்டி முழங்காலைச் சுற்றிக்கொண்டது. கைகள் மாவு பிசைந்தன. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும், இடையில் இரண்டு தரம் முங்கி எழுந்தும், ஒரு வழியாகப் போய்க் குழாயைப் பிடித்தார்.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது, எதிர்ப்பக்கப் படியில் யாரோ இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

கோமதி. செல்போனைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"டீச்சரே இந்த லட்சணத்துல போய்ச் சேந்துட்டாங்க. நமக்கென்னடி கேடு?" என்றாள் மேலே பார்த்து. பிறகு மௌனிகாவிடம், "அம்மிணி, இங்க வந்து என்ற கையப் புடி. விட்டீன்னா கொன்னு போடுவேன்" என்றாள்.

அவள் முதல் காலைத் தண்ணீரில் வைப்பதற்குள் தொபுக்கென்று ஒரு சத்தம். வர்ஷினி அம்மாவைத் தாண்டிக் குதித்திருந்தாள். மௌனிகா ட்யூபைத் தூக்கி எறிந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. கோடை முழுக்கக் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். குடைகள் மேட்டில் கவிழ்ந்து கிடந்தன. படியெல்லாம் பெண்கள். கறுத்துப்போகும் என்ற அம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்று மகளின் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்தாள். முடி கொட்டும் என்றவள் கொண்டையோடு முங்கினாள். கிணற்றில் குதித்தால் ஊர் பேசுமே என்று கவலைப்பட்டவள் மூன்று தரம் குதித்தாள். மௌனிகாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "காலை அடி! காலை! அக்கா, ட்யூபை விடாதீங்க!"

டீச்சர் குழாயைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் குட்டையில் விழுந்த அந்தச் சிறுமி படியில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்திருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் இரண்டாவது காலையும் வைத்தாள்.

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ரிசல்ட் நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

*

எல்லோரும் போன பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து தலை துவட்டினார்கள். நாளைக் காலை எத்தனை பேர் வருவார்கள், ட்யூப் போதுமா, ஜூனுக்குப் பிறகு மௌனிகா ஞாயிறுதோறும் வருவது, மற்ற நாளில் டீச்சர் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் பேசி முடித்தார்கள்.

டீச்சருக்கு ஒன்று மட்டும் ஆறவில்லை.

"இருந்தாலும் அம்மிணி, ஒரு பத்து நாள் பொறுத்திருந்தா நான் சுத்தமா நீஞ்சிக் காட்டியிருப்பேன்."

"ஆமாங்க டீச்சர். காட்டியிருப்பீங்க."

"அப்பறம் ஏன் அவசரப்பட்டுக் கூப்பிட்ட?"

மௌனிகா தலைமுடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள்.

"நான் சின்ன வயசுலருந்து இந்தக் கெணத்துலதான் நீஞ்சறேனுங்க. சுத்தமாத்தான் நீஞ்சறேன். இன்னைக்கு வந்தவங்க எல்லாருமே மேல நின்னு பாத்திருக்காங்க. கை தட்டியிருக்காங்க."

"அப்பறம்?"

"தட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க."